ப்ளோயர் ரூம் சாவி

அன்று காலை தொட்டி மேல் இருந்தவர்கள்: ஃபிட்டர். அவர் தம்பி, அண்ணனுக்கு ஹெல்பர், என்னைவிட ஒரு தலை உயரம். ப்ளோயர் ஓட்டுகிற ஆபரேட்டர். ஷிப்ட் இன்சார்ஜ் பாய். நான். வேறு யாரும் இல்லை.

ஃபிட்டரும் ஆபரேட்டரும் மாதனூர் பக்கம் ஒரே ஊர். முறைக்கு மாமன், மச்சான். கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் வருவார்கள்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் எங்கள் தொட்டிக்கு வரும். தண்ணீரில் உள்ள கிருமி அழுக்கைத் தின்னும். கிருமிக்குக் காற்று வேண்டும். ப்ளோயர் ஊதுகிற காற்று குழாய் வழியாக அடித்தளத்துக்குப் போகும். அங்கே இட்லித் தட்டு அளவில் வட்டம் வட்டமாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு ரப்பர், ரப்பரில் ஊசி முனை அளவு ஓட்டைகள். காற்று பொடிப்பொடிக் குமிழாக மேலே வரும். நாளானால் சுண்ணாம்பும் உப்பும் படிந்து ஓட்டை அடைத்துக்கொள்ளும். அப்போது தொட்டியைக் காலி செய்து ரப்பர் மாற்ற வேண்டும்.

அந்த வாரம் மாற்றினோம். தொடை வரை சேறு. நாற்றத்தில் தம்பி இரண்டு முறை வாந்தி எடுத்தான். மாற்றி முடித்து, தண்ணீர் விட்டு, அன்று காலை காற்றைத் திறந்தார்கள். தொட்டி முழுக்க உலைத் தண்ணீர் மாதிரி பொடிக் குமிழ் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. அடியில் குழாய் இணைப்பு கழன்றுவிட்டது. மறுபடியும் காலி செய்ய வேண்டும். மறுபடியும் சேறு.

நடைபாலத்தில் ஃபிட்டர் ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்தார்.

"வால்வ ஒரேடியா தொறக்கச் சொன்னது எவன்டா?"

"நீ கிளாம்ப முறுக்காம வுட்டுட்டு காத்த கொற சொல்றியா மாமா?"

"சேத்துல நின்னவன் நானு. நீ ஃபேனுக்குக் கீழ டீ குடிச்சவன்."

"அப்ப நீயும் டீ குடிச்சிக்கினு முறுக்கிருப்ப. அதான் லூசாப் பூட்ச்சி."

இன்சார்ஜ் பாய், "இன்னாப்பா காலங்காத்தால பேஜாரு, வுடுங்கப்பா" என்றார். ஃபிட்டர் கையிலிருந்த, பைப் முறுக்குகிற இரும்பு ரிஞ்சால் ஆபரேட்டரின் வாயில் அடித்தார். ஒரு பல் நடைபாலத்து இரும்புக் கம்பியில் விழுந்து இடுக்கு வழியாகக் கீழே போனது. ஆபரேட்டர் இரண்டு கையாலும் அவர் மார்பில் தள்ளினான். கைப்பிடிக் கம்பியை உப்பு அரித்திருந்தது. முறிந்தது. ஃபிட்டர் பின்பக்கமாக, தண்ணீர் பீறிடுகிற அந்த இடத்திலேயே விழுந்தார்.

அவர் நன்றாக நீந்துவார். அங்கே நீச்சல் செல்லாது. பாதி தண்ணீர், பாதி காற்று, உடம்பைத் தாங்காது. ஒரு கை தெரிந்தது. பிறகு பழுப்பு நுரை மூடிக்கொண்டது. பாய் மிதவை வளையத்தை வீசினார். வளையம் நுரையில் சும்மா சுற்றியது.

ஆபரேட்டர் திரும்பி ஓடினான்.

"புடிங்கடா அவன!" பாய் கத்தினார்.

தம்பி ரிஞ்சைப் பொறுக்கிக்கொண்டு துரத்தினான். நானும் ஓடினேன். படிக்குக் கீழே, ப்ளோயர் ரூமுக்குப் பத்தடி முன்னால், தம்பி அவனை மடக்கினான். தலையில் ஒரே அடி. ஆபரேட்டர் முட்டி போட்டான். இன்னொரு அடி. காது கிழிந்தது. அவன் வாயைத் திறந்து திறந்து ஏதோ சொன்னான். ப்ளோயர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கையைத் தூக்கினான். தடுக்கிறான் என்று தம்பி அந்தக் கையையும் அடித்தான்.

அந்தக் கையில் சாவிக்கொத்து இருந்தது.

கேபிள் திருடு போனதிலிருந்து ப்ளோயர் ரூம் பூட்டித்தான் இருக்கும். மெயின் ஸ்விட்ச் உள்ளே. சாவி ஆபரேட்டர் இடுப்பில். அவன் தப்பி ஓடவில்லை. காற்றை நிறுத்த ஓடினான்.

தம்பியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். என் கையைக் கடித்தான். சதை வந்துவிட்டது. முழங்கையால் அவன் மூக்கில் இடித்தேன். எலும்பு நொறுங்கியது கையில் தெரிந்தது. அவன் காதில் வாயை வைத்து, "சாவிடா! ப்ளோயர் சாவி!" என்று கத்தினேன். அவன் கை தளர்ந்தது.

ஆபரேட்டர் தவழ்ந்துகொண்டே போனான். கண்ணில் ரத்தம். பூட்டு தெரியவில்லை. விரலால் தடவி ஒரு சாவியைப் பிரித்து என்னிடம் நீட்டினான். திறந்தேன். அவன் சுவரைப் பிடித்து எழுந்து, ப்ளோயரை நிறுத்துகிற இரண்டு சிவப்பு பட்டனையும் அறைந்தான். அங்கேயே விழுந்தான்.

சத்தம் நின்றது. மேலே பாயின் குரல் கேட்டது.

"தலை! அதோ தலை!"

காற்று நின்றதும் தண்ணீர் சமமாகி ஆளைத் தூக்கிவிட்டது. தம்பி மேலே ஓடி, தொட்டி ஏணியில் இறங்கி அண்ணனை முடியைப் பிடித்து இழுத்தான். மேலே போட்டு முதுகில் குத்தினான். கறுப்புத் தண்ணீர் வந்தது. இன்னொரு குத்து. இருமினார்.

கண் திறந்ததும் ஃபிட்டர் கேட்டது: "ப்ளோயர எவன்டா நிறுத்துனான்? ரப்பர்ல சேறு ஏறிடும்டா."

"உன் மச்சான்தான்" என்றார் பாய். "கீழ செத்துக் கெடக்கிறான், போய்ப் பாரு."

சாகவில்லை. மூச்சு இருந்தது. லோடு ஆட்டோவில் போட்டு ஆம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் தம்பி தன் சட்டையைச் சுருட்டி அவன் மண்டையில் அழுத்திப் பிடித்திருந்தான். தன் மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. ஃபிட்டர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நனைந்த உடம்போடு மச்சானின் காலை மடியில் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். "படியில வுழுந்துட்டேன்" என்றான் ஆபரேட்டர், வாய் வீங்கி.

தையல் போடும்போது ஒருவரை உள்ளே விட்டார்கள். தம்பி போனான். கதவு இடுக்கில் பார்த்தேன். ஆபரேட்டர் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊசி இறங்கும்போதெல்லாம் தம்பியின் உதடு அசைந்தது.

வெளியே வந்தான். அண்ணன் எழுந்து நின்றார்.

"பொழச்சிக்குவானாடா?"

"பொழச்சிக்குவான்."

"எத்தினி தையல்?"

"இருபத்தி மூணு."