கழற்றிக் கொடுத்த பிரேக் காயில்

கப்பலை உடைக்கப் போகிறார்களாம். இழுவைப் படகுக்காரன் ஒருவன் சொன்னதாகப் பெட்ரோல் பங்கில் பூடன் என்கிற சோறு அடைத்த தொத்திறைச்சி விற்கும் பெண் சொன்னாள். சுடச்சுடப் பொட்டலத்தை வாங்கிய வெர்னா கில்லரிக்குப் பசி போய்விட்டது.

பியூமான்ட் துறைமுகத்தில், நெச்சஸ் ஆற்றில் கட்டிக் கிடக்கும் அந்தக் கப்பலில் அவள் கிரேன் மெக்கானிக். ஒரு காலத்தில் சரக்குக் கப்பலாக ஓடியது. பிறகு மூன்று ஜோடி கிரேன்களை நிறுத்தி, துறைமுகம் இல்லாத கரையிலும் மற்றக் கப்பல்களின் சரக்கை இறக்குவதற்கென்று மாற்றினார்கள். போர், புயல் என்று வந்தால்தான் அதற்கு வேலை. மற்ற நாளெல்லாம் தயாராக இருப்பதே வேலை. வெர்னா வந்தபிறகு அது கடலுக்குப் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் பயணப் பை மட்டும் எப்போதும் கட்டியபடி வாசற்கதவருகே இருக்கும். "ஓடுற கப்பல்காரியக் கட்டியிருந்தா நாலு ஊராவது பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புருஷன் போனான்.

அன்று மத்தியானம் பக்கத்துக் கப்பல் டுவேன் வந்தான். அதுவும் இதே மாதிரி கிரேன் கப்பல்தான். பழுது பார்க்க மொபீல் துறைமுகத்துக்கு இழுத்துப்போக இருந்தார்கள்.

"வெர்னா, எங்க கிரேன்ல ஒரு பிரேக் காயில் கருகிப்போச்சு. அது இல்லாம பாரம் தூக்க முடியாது. இப்ப எவனும் அதச் செய்யறதில்ல. ஒன்னோடதக் குடேன்."

"அப்படியே என் பல்லையும் புடுங்கிட்டுப் போயேன்."

"ஒங்க கப்பல்தான் காயலான் கடைக்குப் போகுதாமே. சும்மா துருப்பிடிக்கவா?"

ஒரு கப்பலில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அங்கே புதிதல்ல. ஆனால் "எப்படா திருப்பித் தருவே?" என்று கறாராகக் கேட்கிற வெர்னா, அன்று அதைக் கேட்காமலே கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் டுவேனும் அவன் கப்பலும் ஆற்றோடு இறங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் தலைமை எஞ்சினியர் கிளிஃப்டன் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"சோதனை உத்தரவு வந்தாச்சு! அஞ்சு நாள்ல கடல்ல நிக்கணும். கொதிகலனப் பத்தவைக்கச் சொல்லிட்டேன்."

"உடைக்கப் போறதா சொன்னாங்களே, சீஃப்?"

"நம்மளையா? நம்மளும் டுவேன் கப்பலும், ரெண்டுல ஒண்ணைத்தான் உடைப்பாங்க. எதுன்னு இந்தச் சோதனையிலதான் முடிவாகும். அவங்களுக்குச் சோதனைய மொபீல்லயே வெச்சிருக்காங்களாம். கிரேன் ஆறும் பாரம் தூக்கணும். ஒன்ன நம்பித்தான் இருக்கேன், தாயி."

சொல்லிவிடலாமென்று வாயெடுத்தாள். "ஆகட்டும் சீஃப்" என்றுதான் வந்தது.

கிரேன் மேடைக்கு ஏறினாள். காயில் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். டுவேனுக்குப் போன் அடித்தாள். மணி போயிற்று. கடலில் சிக்னல் கிடைக்காது; மணி போனால் கரைக்கு வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? எடுக்கவில்லை.

அவனுக்கும் உத்தரவு வந்திருக்கும். எடுப்பானா? இவள் அவனாக இருந்தால் எடுப்பாளா?

கீழே கொதிகலன் உறுமத் தொடங்கி, காலடித் தகடு அதிர்ந்தது. கிளிஃப்டன் கீழிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வெர்னா திரும்பவில்லை. மறுபடி அடித்தாள். காதோரம் மணி போய்க்கொண்டே இருந்தது.