எரியாத டெஸ்டர்

"யார் சொன்னாலும் நம்பாதீங்க. நானே சொன்னாலும் டெஸ்டர வச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும்."

ஹட்டனில் வயரிங் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வது இதுதான்.

இன்று வகுப்பில், மெயினை அணைத்துவிட்டதாக ஒரு மாணவன் சொன்னான். நான் நம்பவில்லை. வயரில் என் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

"பாத்தீங்களா, இப்ப தொடலாம்" என்று கையைக் கொண்டுபோனேன்.

"சேர், வேணாங்க" என்றாள் கந்தப்பளையிலிருந்து வரும் சுகந்தினி. "டெஸ்டர் நல்லா இருக்கான்னு யாரு பாத்தாங்க?"

அடுத்த அறையில் கரண்ட் கேத்தலில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அந்தப் பிளக் பாயிண்டில் என் டெஸ்டரை வைத்தாள். எரியவில்லை. தன்னுடையதை வைத்தாள். எரிந்தது.

அதைக் கொண்டுவந்து என் வயரில் வைத்தாள். எரிந்தது. பையன் அணைத்தது வேறு மெயினை.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நோட்டன் பிரிட்ஜில் அக்காவின் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவர், மழை பெய்தால் ஷாக் அடிக்கிறது என்றார்கள். இதே டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லக்கா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மழை விடவில்லை. அக்காவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

அந்தப் பக்கம் யாராவது இருந்தால், லைக் போடுவதை விட்டுவிட்டு ஓடிப்போய் அக்காவிடம் சொல்லுங்கள்: வாத்தியார் தம்பி சொன்னதை நம்ப வேண்டாமாம்.