நாலு எழுத்துக்கு ஐந்து வருடம்

வாத்தியார் வேலைக்குச் சம்பளம் உண்டு, பள்ளி விடுமுறை உண்டு, பிடிக்காவிட்டால் மாற்றல் கேட்கலாம். பெற்ற பிள்ளைக்கே வாத்தியாராக மாட்டிக்கொண்டால் இதில் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடம் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிள்ளையை வீட்டில் வைத்து எழுதப் பழக்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

லூனாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்காரர் அந்தோணி, தோட்டத்து லோரி டிரைவர். எங்களுக்கு ஒரே மகள், பிலோமினா. அவளுக்கு எல்லாம் தாமதமாகத்தான் வந்தது. நடை மூன்று வயதில், பேச்சு ஐந்து வயதில். அதற்கு என்ன பெயர் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் வைக்கும்போதே இதெல்லாம் தெரிந்திருந்தால் 'மேரி' என்று சுருக்கமாக வைத்து முடித்திருப்பேன்.

மூன்று மாதப் படிப்பு

எழுபதுகளின் கடைசியில், ஏழு வயதில், தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தோம். அவளை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியவில்லை. வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், இவள் எழுந்துபோய் முன்வரிசைப் பெண்களின் சடையை அவிழ்த்துப் பின்னிவிட ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் பாட நேரத்தில் வெளியே போய், பால் ஏற்றிய லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அது அப்பா லோரியாக இருந்ததால் பிழைத்தோம்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்தார். நாற்காலி போடச் சொன்னார், காப்பி வரவழைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளையோட குத்தமில்லம்மா, என் குத்தமும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க லா."

வீட்டுக்காரர் போட்ட கெடு

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரரின் அண்ணன் பண்டார் பாருவிலிருந்து வந்தார். பினாங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி ஒன்று இருக்கிறதாம், இப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். நான் அடுப்படியில் சட்டியைப் போட்டு உருட்டினேன், என் பதில் அதுதான். "நம்ம காலத்துக்கு அப்புறம் இவள யாரு பாப்பா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு மட்டும் என்னிடம் சட்டிகூட இல்லை.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, எடுக்க வேண்டும். விரல் ரேகையை எல்லாரிடமும்தான் எடுப்பார்கள், அது வேறு. ஆனால் விண்ணப்பப் பாரத்தின் கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. எழுதத் தெரியாதவர்கள் அங்கேயும் விரலைத்தான் அழுத்துவார்கள். வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்: "அந்தக் கட்டத்துல பேர எழுதிட்டா நம்மளோட இருக்கட்டும். கைநாட்டு வச்சா பினாங்கு. அப்புறம் அழுவக் கூடாது, சொல்லிட்டேன்."

எழுத்துகளின் பெரட்டு

ஆறாம் வகுப்புப் படித்த நான் வாத்தியாரானேன். தொட்டில்களுக்கு நடுவில் பள்ளிக்கூடம். சிலேட்டைக் கொடுத்தால் அதைக் குழந்தைகளுக்கு விசிறினாள். மணலில் எழுதச் சொன்னால் மணலைச் சலித்தாள். ஒரு வருடம் இப்படியே ஓடிப்போனது.

ஒருநாள் காலை தொட்டில்களுக்கு முன்னால் நின்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி மாதிரியே இவள் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். பெரட்டு என்பது விடிவதற்குள் ஆட்களை நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிடுவது. நாற்பது பேர், ஒரு பேர் மாறவில்லை, வரிசை பிசகவில்லை! பால்டின் பெட்டி அட்டையைக் கிழித்து நாலு எழுத்து எழுதினேன். பி, லோ, மி, னா. நாலு ஆட்கள், நாலு பேரும் வேலைக்கு வர வேண்டும் என்றேன். அவள் கூப்பிட்டாள், நான் அட்டையைத் தூக்கி "இருக்கேன்" என்றேன். பிறகு நான் கூப்பிட்டேன், அவள் தூக்கினாள். இதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற நிஜக் கிராணி சொன்னார்: "அக்கா, இது கொஞ்சம் வளந்துச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடும் போல லா."

மி-க்குக் காய்ச்சல்

அட்டையைத் தூக்குவது வேறு, எழுதுவது வேறு. 'பி'க்கு எட்டு மாதம். 'லோ' ஒரு ஆளே இல்லை, கொம்பும் காலுமாக ஒரு குடும்பம். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல். 'மி'யைப் பிடித்து ஒரு வழியாக எழுத ஆரம்பித்தபோது, திடீரென்று மூன்று நாள் மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்றால், 'மி'க்குக் காய்ச்சலாம், எம்.சி. கொடுத்திருக்கிறார்களாம்.

எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, இருந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் அட்டையோடு கூட்டிப்போனேன். அவர் சிரிக்கவே இல்லை. அட்டையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், நாளையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். மறுநாள் 'மி' வந்துவிட்டது. நன்றி சொல்லப் போனபோது அவர் சொன்னது: "இத்தன வருஷத்துல ஒரு எழுத்துக்கு வைத்தியம் பாத்தது இதான் மொத தடவ, அக்கா."

காணாமல் போன னா

'னா'வை நான் படித்த மாதிரியே சொல்லிக்கொடுத்தேன். அதற்குக் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு ஒட்டிக் கீழே இறங்கி வளையும். "வால்காரி" என்று பிலோமினா அதற்குப் பேர் வைத்தாள். ஒரு வருடம் முழுக்க அந்த வாலை வளைத்து வளைத்து, கடைசியில் அழகாகவே வந்தது. ஐ.சி.க்கு நாலு மாதம் இருந்தது. நான் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் மெர்போக்கிலிருந்து என் அக்கா மகள் ஸ்டெல்லா வந்தாள், தற்காலிக ஆசிரியை. "சின்னம்மா, இந்த னா இப்ப இல்லையே, எழுத்துச் சீர்திருத்தத்துல புது எழுத்து வந்திருச்சே!" என்று ன-வுக்குப் பக்கத்தில் காலைத் தனியாக நிறுத்திக் காட்டினாள். மறுநாளே புது 'னா'வை ஆரம்பித்தேன். பிலோமினா திரும்பத் திரும்ப வாலையே போட்டாள். பத்தாவது தடவை நான் அகப்பைக் காம்பால் அவள் கையில் அடித்துவிட்டேன். அந்த ஐந்து வருடத்தில் நான் வெட்கப்படும் நாள் அதுதான். அவள் அழவில்லை. பழைய அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "வால்காரிய வேலய விட்டு நிப்பாட்டிட்டாங்களாம்மா?"

கட்டத்துக்குள் பேர்

கூலிம் பதிவு அலுவலகத்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். படம் கொடுத்து, ரேகை எடுத்து முடிந்தது. முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா பாரத்தைத் தள்ளி, "போலே துலிஸ் கா?" என்று எழுதத் தெரியுமாவெனக் கேட்டார். பக்கத்திலேயே மைப்பெட்டி தயாராக இருந்தது. நான் பேனாவைக் கொடுத்தேன்.

'பி' வந்தது. 'லோ' குடும்பத்தோடு வந்தது. 'மி'யும் வந்தது. அதோடு கை நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்க்கிறாள். எதைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டையும் கற்றுக்கொடுத்துக் குழப்பிய மகராசி நான். பின்னால் வரிசையில் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த அம்மா மைப்பெட்டியைத் திறந்தார். கெடு போட்ட மனுஷன்தான் கவுண்டர் மேல் பாதி ஏறிக் கத்தினார்: "பழசோ புதுசோ, ஏதாச்சும் ஒரு னாவப் போடு தாயி!"

போட்டாள். பழைய 'னா'தான், வால் கட்டத்தைத் தாண்டி வெளியே போனது. எந்த 'னா'வாக இருந்தாலும் அந்த மலாய்க்கார அம்மாவுக்கு ஒன்றுதானே, முத்திரை குத்திவிட்டார். பஸ் நிறுத்தத்தில் வீட்டுக்காரர் கண்ணில் தூசி விழுந்தது என்று ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பினாங்கு என்னாச்சு?" என்று நானாகவே கேட்டேன். மகளின் கையை விடாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போவோம் லா. ஃபெரி பாக்க ஒருநாள் மூணு பேரும் போய்ட்டு, மூணு பேரும் வருவோம்."

ஆக, ஐந்து வருடம் பள்ளிக்கூடம் நடத்தி நான் முடித்த பாடம் நாலே எழுத்து, அதிலும் ஒன்று இப்போது எந்தப் புத்தகத்திலும் இல்லை.