மொட்டைவாலின் சாப்பாட்டுச் சொல்

பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. கப்பல்வாய் என்றால்தான் ஆளைக் காட்டுவார்கள். அவர் கப்பலை எட்டிக்கூடப் பார்த்தவரில்லை. கப்பலில் போனவர் அவருடைய அம்மாவின் கடைசித் தம்பி. சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் ஸ்பானியர்களோடு வெந்து, கால் ஒடிந்து வந்து, அக்கா வீட்டுக் கட்டிலில் விழுந்தார். அக்கா மகனுக்குக் கொடுக்க அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு கைப்பிடி ஸ்பானியச் சொற்கள்தான்.

கப்பல்வாய்க்கு அது போதுமாக இருந்தது. கிடங்குகளுக்குக் காவல் நாய் பழக்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு.

“நம்ம பேச்சுல உட்காருன்னு பழக்கினா, சுவரேறி வர்ற திருடன் சொன்னாலும் உட்காரும். அவன் என்ன ஸ்பானிஷ் படிச்சிட்டா திருட வர்றான்?” என்பார்.

‘சியெந்தாத்தே’ என்றால் நாய் உட்காரும். ‘கியெத்தோ’ என்றால் சிலையாக நிற்கும். ஆனால் சாப்பாட்டுச் சொல் மட்டும் ஒவ்வொரு நாய்க்கும் வேறு. மதிலுக்கு மேலே எவனாவது விஷக்கறி வீசினால் நாய் தின்னக்கூடாதே! தட்டை வைத்துவிட்டு, குனிந்து, அதன் காதில் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் வாய் வைக்கும். வாங்குகிறவருக்கு மட்டும் அதைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்.

ஒரு நாய் வேலைக்கு ஆகாமல் கிழடு தட்டினால், கழுத்துப்பட்டையை அவரே போய்க் கழற்றுவார். பட்டை போனால் சட்டமும் போயிற்று. அன்றிலிருந்து அது தெருவில் கிடைத்ததைத் தின்கிற வெறும் நாய். நாய்களுக்கும் அது தெரியும். ஒவ்வொரு முறை கழற்றிவிட்டு வரும்போதும் அவர் யாரோடும் பேசமாட்டார்.

வீட்டு முற்றத்தில் நின்றது மொட்டைவால். அவர் பழக்கியதிலேயே உசத்தி. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. அதன் சாப்பாட்டுச் சொல் அவர் மனைவிக்கே தெரியாது.

“இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு வார்த்தையை எங்கிட்ட சொன்னா தேஞ்சா போயிடுவீங்க?”

“உனக்குச் சொன்னா உன் தம்பிக்குப் போகும். அவனுக்குப் போனா டீக்கடைக்குப் போகும்.”

சொன்னதில் தப்பில்லை. அந்த மைத்துனன் ஒருமுறை டீக்கடையில் ‘சியெந்தாத்தே’யை எடுத்துவிட்டுப் பெருமையடிக்க, அடுத்த வாரமே ஒரு கிடங்கு நாய் திருடர்களுக்கு முன்னால் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

ஒரு காலையில் தட்டை வைத்துவிட்டு மொட்டைவாலின் காதருகே குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாளெல்லாம் மொட்டைவால் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. மனைவிக்கு இங்கே அவரைப் பார்ப்பதா, அங்கே அதைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது. மைத்துனன் தனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொல்லை எல்லாம் சொல்லிப் பார்த்தான்.

“அக்கா, உட்காருன்னா உட்காருது, நில்லுன்னா நிக்குது. திங்க மட்டும் மாட்டேங்குது. எலும்பு எண்ணுற மாதிரி ஆயிடுச்சு.”

“வாயைப் பிளந்து ஊட்டுடா.”

“என் கையை யாரு திருப்பித் தருவா?”

சிரிக்கத்தான் சொன்னான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இன்னும் ரெண்டு நாள் தாங்காது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். முற்றத்தில் கட்டிலைப் போட்டுச் சாய்த்து உட்காரவைத்தார்கள். மொட்டைவால் தள்ளாடி எழுந்து வந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

“சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்.”

அவர் வாயைத் திறந்தார். “ஆ… ஆ…” என்று காற்றுதான் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, சொல் வரவில்லை. நாய் காதை விறைத்துக்கொண்டு காத்திருந்தது. அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது.

இடது கையால் சோற்றை அள்ளி அவரே நீட்டினார். மொட்டைவால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் கையாலே கொடுத்தாலும் சொல் இல்லாமல் தின்னாதே என்று பழக்கியவர் அவர்தானே!

“பாவி மனுஷா, இப்படியா பழக்குவீங்க?” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் உதறினார். பிறகு அந்த இடது கையை அதன் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

“அத்தான், அது இன்னும் நல்லா வேலை செய்யுற நாய்…” என்றான் மைத்துனன். உதவிக்கு வந்த அவன் கையை அவர் தட்டிவிட்டார். ஒரு கையால் வார்ப்பூட்டை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. நாய் அசையவில்லை. பட்டை கழன்று அவர் மடியில் விழுந்தது.

மொட்டைவால் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. பட்டையை மோந்து பார்த்தது. பிறகு தட்டில் முகத்தை வைத்தது. தின்றது, கக்கியது, மறுபடி தின்றது.

“தின்னுடுச்சுங்க! பாருங்க, தின்னுடுச்சு!” என்று மனைவி அழுதாள்.

அவர் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இப்போது அது யார் எதைப் போட்டாலும் தின்கிறது. அவர் கட்டிலைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகும். முன்போல நின்று அவர் வாயைப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டையை மட்டும் அவர் இடது கையிலிருந்து இன்னும் யாராலும் வாங்க முடியவில்லை.