விசில் கடித்த பல்

பல் மறுபடியும் ஆடியது. தாடை எலும்பில் திருகு இறக்கி, அதன்மேல் கட்டிய செயற்கைப் பல். இவ்வளவு கூத்துக்குப் பிறகு அது ஆடவே கூடாது.

"எலும்புக்குள்ள இருக்கிறது கல்லு மாதிரி இருக்குது சார். மேல இருக்கிற பல்லைப் பிடிச்சிருக்கிற குட்டி ஸ்க்ரூதான் லூசாயிடுச்சு" என்றார் செஞ்சி பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் பல் டாக்டரம்மா.

போன முறையும் இதையேதான் சொன்னார். அப்போது நான் கண்டக்டர். கைகளில் டிக்கெட்டும் சில்லறையும் இருக்கும்போது விசிலை எங்கே வைப்பது? வாயின் இடது ஓரத்தில் கடித்துக்கொண்டே இருப்பேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு விடும் ஸ்பெஷல் பஸ்ஸில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் வியர்வையும் மணக்கிற கூட்டத்துக்குள் மூச்சு விடவே இடம் இருக்காது. அதிலும் என் விசில் கேட்டால்தான் டிரைவர் கியரைத் தொடுவார். பயணி யாராவது குறும்புக்கு ஊதினால், "யோவ், அது நம்மாளு விசில் இல்ல" என்று சிரிப்பார். அந்தப் பெருமை எனக்கு இன்னும் தீரவில்லை.

"மெல்லுறதை இது தாங்கும் சார். ஒரே இடத்துல விடாம கடிச்சா ஸ்க்ரூ கொஞ்சங்கொஞ்சமா கழண்டுக்கும்" என்று சொல்லி அன்று டாக்டரம்மா புது ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். சீக்கிரமே ஓய்வும் பெற்றேன். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

"இன்னும் விசில் ஊதுறீங்களா?" என்று இப்போது கேட்டார்.

"ரிட்டயர் ஆயிட்டேம்மா. அது பீரோவுல கெடக்குது."

"பின்ன எதைக் கடிக்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. கரும்பைத் தொடவில்லை, முறுக்கு இருக்கும் பக்கமே போகவில்லை. கூட வந்திருந்த என் மனைவிதான் போட்டு உடைத்தாள்.

"எங்க வீடு ரோட்டு மேல இருக்குது டாக்டர். ஸ்டாப்புல பஸ்ஸு வந்து நின்னா போதும், பேப்பர் படிச்சினு இருக்கிறவரு கப்புனு பல்லைக் கடிச்சுக்குவாரு. அது கெளம்பினாத்தான் விடுவாரு."

சத்தியமாக எனக்கே தெரியாது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. பல்லில் ஸ்க்ரூ துளையை மூடியிருந்த பூச்சை எடுத்து, ஸ்க்ரூவை மாற்றி, அளவு வந்ததும் 'டக்'கென்று நிற்கும் கருவியால் முடுக்கினார்.

வெளியே வந்தோம். அவலூர்பேட்டை பஸ் புறப்பட நின்றது. ஒரு பெண் பையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். மனைவி என் தாடையைத் தொட்டாள்.

"வாயைத் தொறங்க."

நடு ரோட்டில் வாயைத் திறந்தபடி நின்றேன். அந்தப் பெண் ஏறினாள். யாரோ விசில் ஊதினார்கள். நான் இல்லாமலே பஸ் நகர்ந்தது. திறந்த வாயோடு அழுதேன்.