படம் போடும் நாளில் கழன்ற ஏரியல்

"...உடைக்கலங்க, ஊசிய விட்டு லேசா நெம்பித்தான் விட்டேன். அதும் படம் போடுற நாளு மட்டுந்தான்" என்றாள் தரையில் உட்கார்ந்திருந்த என் மனைவி.

கொண்டை ஊசி என் உள்ளங்கையில் இருந்தது. படம் தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டிவியின் பின்மூடியைக் கழற்றினால், ஏரியல் வயர் செருகும் சொக்கெட்டுக்குக் கீழே அது கிடக்கிறது. எங்கள் வீட்டில் கொண்டை போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் டிவி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். வாரம் ஒரு தமிழ்ப்படம். அன்று சாயங்காலம் லயமே எங்கள் முன்னறையில் இருக்கும். இரண்டு மாதமாகவோ, படம் தொடங்கினால் திரையில் வெறும் புள்ளி மழை. பின்னால் போய்ப் பார்த்தால் சொக்கெட் ஆடும். தேயிலை பேக்டரியில் மோட்டாரோடு மல்லுக்கட்டி நானாகக் கற்றுக்கொண்ட ரிப்பேர் வேலை. மறுநாள் ஈயம் வைத்துப் பற்றவைப்பேன். அடுத்த வாரம் மறுபடி ஆடும். மலைப்பனியில் ஈயம் நிற்கவில்லை என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் கங்காணி பிரிஞ்சாங் கடைத்தெருவில் வைத்தே கேட்டார்: "பேக்டரி மோட்டாரெல்லாம் ஒனக்கு அடங்குது, இந்தப் பொட்டி அடங்கலியே லா." நானும் சிரித்துவிட்டு, இன்னும் தடிமனாக ஈயம் வைத்தேன்.

அந்தக் காலத்துப் பெட்டியில் பிளக் செருகியிருந்தால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே கரண்டு இருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் நானே கை வைக்க மாட்டேன். இவள் பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு இரும்பு ஊசியை உள்ளே விட்டிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, வாராவாரம்.

"பிளக்கையாவது புடுங்குனியா?" என்றேன்.

"அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்."

ஏன் செய்தாய் என்று கேட்டேன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பறித்த கொழுந்துக்கு எடை சொல்வதுபோலச் சொன்னாள். விடியலில் கூடையோடு மேடு ஏறிய கால். வீட்டுக்கு வந்தால் இருபது பேருக்குத் தேத்தண்ணி. படம் முடியும்வரை அடுப்பும் குவளையும்தான். "படம் ஓடலன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. அன்னிக்காவது செத்த நேரம் கால நீட்டலாம்னு..."

டிவி வாங்கி இரண்டு வருடம். இவள் ஒரு படத்தையாவது உட்கார்ந்து பார்த்தாளா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

சொக்கெட்டைப் பற்றவைத்தேன். மூடியை மாட்டும்போதே வெளியே செருப்புச் சத்தம். இன்றைக்காவது ஓடுமா என்று கங்காணி வாசலிலிருந்தே கேட்டார். அவள் கையை ஊன்றி எழப் போனாள். அதற்குள் நான் கெட்டிலைத் தூக்கிக்கொண்டேன்.

பேக்டரியில் நாளெல்லாம் தேயிலைத் தூசியைச் சுவாசிக்கிறவன், சொந்த வீட்டில் தேயிலை டப்பா எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஊன்றிய கையை எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, அலமாரியின் மேல்தட்டை விரலால் காட்டினாள்.