பிரசவ வார்டில் பழகிய கிட்டார்

மருத்துவிச்சி வேலையில் முக்கால் பங்கு காத்திருப்பு, கால் பங்கு ஓட்டம். ஓடுகிற நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். காத்திருக்கிற நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. சிலர் ஸ்வெட்டர் பின்னுவார்கள், சிலர் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார்கள். நான் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து, இலங்கை மலையகத்தில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில், ஆறு கட்டில் போட்ட பிரசவ வார்டை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து கிட்டார் பழகினேன். முழுப் பாட்டு இல்லை. ஓர் ஆங்கிலப் பாட்டில், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கிட்டார் மட்டும் தனியாக நடந்து வருமே, அந்தத் துண்டு. கேட்டால் அரை நிமிஷம்கூட இருக்காது. எனக்கு நாலு வருஷம் பிடித்தது. இதே மாதிரி ஏதாவதொரு துண்டுக்காக விரலைப் புண்ணாக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம் திட்டும் வாங்கியவர்கள் இதைப் படித்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்கள்.

மெத்தை வைத்த நாற்காலி

எங்கள் தோட்டத்தை நிர்வகித்த துரையின் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தபோது, வாராவாரம் பங்களாவுக்குப் போய் பிரஷர் பார்த்து வருவது என் வேலை. ஒருநாள் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், உள் அறை ரேடியோவில் அந்தக் கிட்டார் வந்தது. ஒரே ஆள் வாசிப்பது போலவும் இருந்தது, இரண்டு பேர் பேசிக்கொள்வது போலவும் இருந்தது. அளவைப் பார்க்கத் தவறி மறுபடியும் காற்றை ஏற்றினேன். "கை வலிக்குது நர்ஸ்" என்று அவர் சொன்ன பிறகுதான் சுயநினைவு வந்தது.

அடுத்த வருஷம் துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. வேண்டாத சாமான்களை வராந்தாவில் பரப்பிவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் துரைசாணி. மெத்தை வைத்த நாற்காலி, பூப்போட்ட திரைச்சீலை, கண்ணாடி ஜாடி எல்லாம் இருந்தன. ஒரு மூலையில் கம்பி ஒன்று அறுந்த கிட்டாரும் சாய்ந்து நின்றது. நான் அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா வழிமறித்தார். "ஏன் நர்ஸம்மா, அம்மாம் பெரிய நாற்காலிய விட்டுட்டு, உக்காரவும் முடியாத படுக்கவும் முடியாத பொட்டியத் தூக்கிட்டுப் போறீங்க?"

கேசட் கடையில்

பாட்டின் பெயர் தெரியாது. பாடியவர் பெயரும் தெரியாது. பதுளையில் கேசட் பதிந்து கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. முன்பு துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தின் இரண்டாவது மகன் அதை நடத்தினான். என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "டிங் டிடிங் டிங், டிடிங்" என்று வாயாலேயே வாசித்துக் காட்டினேன். கண்ணைத் திறந்தபோது கடையிலிருந்த மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடையோடு வேறு நின்றிருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டினான். நாலாவது இல்லை, ஐந்தாவது இல்லை. ஆறாவது கேசட் சுழலத் தொடங்கியதும் நான் கண்ணாடி மேசையில் ஓங்கித் தட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "அக்கா, நீங்க பாடினது பாட்டு மாதிரியே இல்ல. ஆனா தாளம் மட்டும் துளியும் தப்பல, அதான் புடிச்சேன்."

தாளம் தப்பவில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன்.

யாருக்கு வலி

வலக்கைக் கட்டைவிரல் மேல் கம்பிகளில் ஒரே சீராக நடக்க வேண்டும். மற்ற விரல்கள் கீழ்க் கம்பிகளில் இடையிடையே புகுந்து வெளியே வர வேண்டும். சொல்ல எளிது. என் கட்டைவிரல் நின்றால்தான் மற்ற விரல்கள் புறப்படும். அவை புறப்பட்டால் கட்டைவிரல் வழி மறந்துவிடும். ஆறு மாதம் இப்படி.

பாக்கியம் என்று ஒருவர், நாலாவது பிரசவத்துக்கு வந்திருந்தார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக நடந்து வந்து, தானே கட்டிலை உதறி விரித்துப் படுத்தவர். இன்னும் நேரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நான் அறைக்குள் போய் வாசிக்க உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பொறுத்துக்கொண்டார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "நர்ஸம்மா, வலி எனக்கா, ஒங்க கிட்டாருக்கா?"

பேட்டரி

வார்டைக் கூட்டித் துடைத்து, வெந்நீர் போட்டுக் கொடுப்பவர் செல்லமணி அக்கா. எனக்கு ரசிகையும் அவர்தான், விமர்சகரும் அவர்தான். ஒருநாள் கேசட்டைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து வாசித்தேன். ஆச்சரியம், பாட்டுக்காரரும் நானும் கைகோத்துக்கொண்டு போகிறோம். ஓரிடத்திலும் அவர் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. செல்லமணி அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் அந்தப் பெருமையில் திரிந்தேன்.

அடுத்த வாரம் ரெக்கார்டர் ஒரேயடியாக நின்றுவிட்டது. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். பாட்டுக்காரர் நாய் துரத்தியது போல ஓடினார். அத்தனை நாளும் பேட்டரி இறங்கிப்போய் அவர் என் வேகத்துக்குத் தவழ்ந்திருக்கிறார். சுருதியும் அடியோடு மாறிப்போயிருந்தது. நான் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செல்லமணி அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க ஒண்ணும் கெட்டுப்போயிடலீங்க. அந்தாளுக்குத்தான் என்னா அவசரமோ, பஸ்ஸப் புடிக்கப் போறான் போல."

தோல் உரிந்த விரல்

கிட்டார் பழகுகிறவர்களுக்கு இடக்கை விரல் நுனி காய்த்துப்போகும், அதன் பிறகு வலிக்காது என்பார்கள். எனக்குக் காய்க்கவே இல்லை. நாளைக்கு இருபது முறை வெந்நீரிலும் கார்பாலிக் சோப்பிலும் கை கழுவுகிறவளுக்கு எப்படிக் காய்க்கும்? காய்ப்பு வருவதற்குள் ஊறி, உரிந்து, கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரியும். அதில் மறுபடியும் கம்பி.

டாக்டர் இல்லாத எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பு, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பம் ஊரில், போரால் பாதை அடைபட்டிருந்த காலம் அது. கடிதம் வர இரண்டு மாதம் ஆகும், சில வேளை வரவே வராது. அதிகம் பேச மாட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுத் துண்டு இடம் மாறினாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். ஒருநாள் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "பிள்ளை, தோல் உரிஞ்ச விரலோடை ஒரு தாயைத் தொடலாமோ? நீரே யோசிச்சுச் சொல்லும்" என்றார்.

அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திவைத்தேன். விரல் ஆறும்வரை இரண்டு மாதம் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு வாசித்தபோது நாளைக்குக் கால் மணி நேரம், அதுவும் வார்டில் யாரும் வலியோடு இல்லாத நாட்களில் மட்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அவர் கதவைக் கடந்து போகும்போது ஒருமுறை நின்றார். "என்ன பிள்ளை, இன்னும் உந்த மூண்டாவது படியிலைதான் நிக்கிறீரோ?"

அடிக்காமல் வந்த ஒலி

அவர் சொன்னது சரி. அந்தத் துண்டில் மூன்றாவது இடத்தில்தான் எப்போதும் தடுக்கி நின்றேன். அங்கே ஒரு சின்னச் சத்தம் இருந்தது. கேசட்டில் தெளிவாகக் கேட்கும். நான் வலக்கையால் எப்படிச் சுண்டிப் பார்த்தாலும் அந்த மென்மை வரவில்லை. பார்த்துப் பழக ஆள் இல்லை, காதால் மட்டும் பழகுகிறவளுக்கு அது பூட்டிய கதவு.

ஒரு மத்தியானம், வார்டில் யாரும் இல்லை என்று வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் "நர்ஸம்மா!" என்று அலறல். சத்தத்தை அடக்க இடக்கை விரலைக் கம்பியின் மேல் வேகமாக அழுத்தினேன். அடங்க வேண்டிய கம்பி பாடியது. அதேதான், அந்தச் சத்தம்! வலக்கை அடிக்கவே தேவையில்லை, இடக்கை விரல் சுத்தியல் மாதிரி விழுந்தால் போதும். திரும்பச் செய்து பார்க்க நேரமில்லை. வந்த பெண் வாசற்படியிலேயே தவித்து நின்றாள். கை கழுவி, கட்டிலில் ஏற்றி, இருபது நிமிஷத்தில் ஆண்பிள்ளை. என் முகம் முழுக்கச் சிரிப்பு, அடக்க முடியவில்லை. தாய் களைப்போடு தலையைத் தூக்கிப் பார்த்தாள். "எம் புள்ளையப் பாத்துத்தான சிரிக்கிறீங்க நர்ஸம்மா? மூக்கு அவ்வளவு சப்பையாவா இருக்கு?"

மண் சரிந்த நாள்

கார்த்திகை மழை நாலாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. புஷ்பத்துக்கு வயது பத்தொன்பது, முதல் பிள்ளை. கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. முந்தின நாள் சாயங்காலமே வலி எடுத்து வந்தவளுக்குக் காலை பதினொரு மணியாகியும் முன்னேற்றம் போதவில்லை. பதுளைக்கு அனுப்பலாம் என்று டிஸ்பென்சர் முடிவு செய்தார். தோட்டத்து லொறியில் ஏற்றி மலையிறங்கினால், இரண்டாவது வளைவில் மலையே பாதையில் கிடந்தது. திரும்பி வந்தோம்.

அந்த லொறிக் குலுக்கலிலும் பயத்திலும் புஷ்பம் முக்கத் தொடங்கிவிட்டாள். வழி முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் தாயும் பிள்ளையும் சேர்ந்து களைத்துப் போவார்கள். உள்ளே வீங்கி வழியே அடைபடும். மூச்சை வாயால் ஊது, முக்காதே என்று நான் சொல்கிறேன், அவளுக்குக் காது கேட்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "நான் செத்துருவேன், செத்துருவேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டால் பிள்ளையின் துடிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு?

அப்போது டிஸ்பென்சர் வெளியே போனார். பதுளைக்குப் போன் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். என் அறையிலிருந்து கிட்டாரோடு வந்தார். ஒரு குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இதை வாசியும் பிள்ளை. நான் நாடி பாக்கிறன்."

வாசித்தேன். கட்டைவிரல் ஒவ்வொரு முறை விழும்போதும் "ஊது" என்றேன். முதல் தடவை அவள் திரும்பவில்லை. இரண்டாவது தடவை கண்ணைத் திறந்தாள். மூன்றாவது தடவை உதடு குவிந்தது. முடிந்ததும் "திரும்ப வாசிங்க" என்றாள். வாசிப்பேன், வைப்பேன், கை கழுவுவேன், பார்ப்பேன், மறுபடி வாசிப்பேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவைகூட நான் தப்பவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டரை மணிக்கு வழி முழுதாகத் திறந்தது. கிட்டாரைச் செல்லமணி அக்காவிடம் கொடுத்துவிட்டு, "இப்ப முக்கு" என்றேன்.

பெண்பிள்ளை. கழுத்தில் கொடி ஒரு சுற்று. விலக்கி எடுத்தேன். அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், வாயைத் துடைத்தேன், காலைச் சுண்டினேன். கூரை மேல் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு பிள்ளை அழுதது, மழையை விடப் பெரிதாக. நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

டிஸ்பென்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கதவருகே போய்த் திரும்பினார். "இனி ஆரும் உம்மை நிப்பாட்டச் சொன்னால், என்னட்டை அனுப்பும்."

மிச்சப் பாட்டு

இரண்டாயிரத்துக்குப் பிறகு பிரசவமெல்லாம் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டது. நல்லதுதான். அங்கே டாக்டர் இருக்கிறார், இரத்தம் இருக்கிறது. எங்கள் வார்டு கிளினிக் ஆனது. எடை பார்ப்போம், ஊசி போடுவோம். ஊசிக்கு அழுகிற பிள்ளைகளுக்குக் கிட்டார் நன்றாக வேலை செய்யும்.

அப்படி ஒருநாள் மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன், பதுளையில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் பேண்டில் கிட்டார்காரராம். நான் வாசித்ததைக் கேட்டு, அழுகிற பிள்ளையை மறந்து அருகே வந்து என் விரல்களையே பார்த்தார். எனக்குப் பயம்தான், முதன்முதலாக விஷயம் தெரிந்தவர் ஒருவர் பார்க்கிறார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதற்குப் பிறகு வரும் பகுதியையும் வாசியுங்கள் என்றார். தெரியாது என்றேன். ஏன் என்று கேட்டார். "அந்த இடம் வர்றதுக்குள்ள எப்பவும் யாராச்சும் கூப்பிட்டுருவாங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "விரல் வைக்கிற முறை எல்லாமே தப்புங்க. நான் முறையாப் படிச்சவன், எனக்கு இந்த மூணாவது எடம் இன்னிக்கு வரைக்கும் இப்படி வந்ததில்ல."

ஓய்வு பெறும்போது கொடுத்த சான்றிதழில் இந்தக் கிட்டாரைப் பற்றி எழுத ஒரு வரி இடம் இல்லாமல் போனதைத் தவிர, இந்த உத்தியோகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.